மாஷா போட்டுக்கொண்ட தொப்பி

போன ஆடி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு கரடி குடியிருந்தது. கைப்பேசிக்குள்தான்.

பெரியவன் போலந்து நாட்டில், வார்சா நகரில் வேலை பார்க்கிறான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே பள்ளிக்கூடத்துக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் விடுமுறை. அதனால் மருமகளும் ஏழு வயதுப் பேத்தியும் குளத்தூருக்கு வந்து ஆறு வாரம் தங்கினார்கள். ஆடிக் காற்றில் திண்ணையில் உட்கார்ந்து பேத்தி பார்த்ததெல்லாம் ஒரே கார்ட்டூன். 'மாஷாவும் கரடியும்'. முதல் இரண்டு நாள் அவள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது மாஸ்கோவில் உள்ள அனிமாக்கார்டு என்ற நிறுவனம் எடுக்கும் ருஷ்யக் கார்ட்டூன். முதல் பகுதி 2009 ஜனவரியில் வந்தது. இதை உருவாக்கியவர் ஒலெக் குஸோவ்கோவ். பகுதிக்கு ஏழெட்டு நிமிடம். காட்டோரத்தில் ஒரு வீடு. அதில் மாஷா என்ற சின்னப் பெண். தலையில் முக்காடு, பழைய ருஷ்யக் கிராமத்துப் பாவாடை. காட்டுக்குள் ஒரு கரடி. அது முன்பு சர்க்கஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கரடி. வாங்கிய கோப்பைகளையும் பழைய புகைப்படங்களையும் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறது. மீன் பிடிக்கும், தோட்டம் போடும், சதுரங்கம் ஆடும், சமோவாரில் தேநீர் போட்டுக் குடிக்கும். அதற்கு வேண்டியதெல்லாம் நிம்மதி. மாஷா அதை மட்டும் தரமாட்டாள்.

கரடி பேசாது. உறுமும், பெருமூச்சு விடும், தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரும். ஆகையால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் மொழி தடையில்லை. மாஷா கஞ்சி காய்ச்சி, அது பானையை மீறிப் பொங்கி வழியும் ஒரு பகுதி 2012இல் யூடியூபில் ஏற்றப்பட்டது. இதுவரை 400 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். உலக மக்கள்தொகையில் பாதி!

முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கரடியைப் பார்த்ததும் உடன்பிறப்பைப் பார்த்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரியும் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரியே பெருமூச்சு விடுதே" என்றாள். பேத்தி அன்றிலிருந்து என்னைக் கரடித் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

கரடியின் தோட்டத்தில் முயல் புகுந்து கேரட் திருடும் ஒரு பகுதி இருக்கிறது. மாஷா ராணுவத் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வாள். தொப்பி பெரிது, தலை சிறிது. அதோடு தோட்டத்துக்குக் காவல் நிற்பாள். பேத்தி அதைப் பார்த்து, என் குடையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் திண்ணைக்கும் அணிவகுப்பு நடந்தாள். அப்போது பெரியவன் வார்சாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அப்பா, அதை அவளுக்குக் காட்டாதீங்க."

"ஏம்ப்பா, முயலும் கேரட்டும்தானே?"

"அவ வகுப்புல உக்ரைன் பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒரு பிள்ளையோட அப்பா இன்னும் சண்டையில இருக்கார். போன வருஷம் இவ இந்த மாஷா மாதிரி பேசிக் காட்டினப்ப அந்தப் பிள்ளை அழுதுட்டா. எனக்கு அங்க தினமும் அவங்க முகத்துல முழிக்கணும்."

நான் பதில் சொல்லவில்லை. பேத்தி குடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. குழந்தைகள் சிரிக்கும் ஒரு தொப்பியில் அப்படி என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, நான் அறுபத்தைந்து வருடத்துக்கு முன்னால் படித்த புத்தகம் வரைக்கும் போய்விட்டது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

அந்தப் பகுதியின் ருஷ்யத் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'எல்லை பூட்டப்பட்டிருக்கிறது' என்று வரும். இது கார்ட்டூன்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வாசகம் இல்லை. ஸ்டாலின் காலத்தில், 1930களில், ஊரெங்கும் ஒலித்த முழக்கம். எல்லைக் காவலர் அந்தக் காலத்தில் சினிமா நாயகர் மாதிரி. அவர்களுடைய அடையாளம் பச்சை நிறம். அவர்களில் மிகவும் புகழ் பெற்றவர் நிகிதா கரத்சூபா. தம் நாயோடு அலைந்து, எல்லை தாண்டியவர்கள் 338 பேரைப் பிடித்தார் என்பது சோவியத் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரும் அவர் நாயும் பாடம்.

இதில் நமக்கு ஒரு சங்கதி உண்டு. அந்த நாயின் பெயர் 'இந்துஸ்'. ருஷ்ய மொழியில் அது இந்தியரைக் குறிக்கும் சொல். 1955இல் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்ட காலத்தில், நட்பு நாட்டுக்காரர் பெயரில் நாயா என்று சங்கடப்பட்டு, அச்சில் ஒரே எழுத்தை மாற்றி 'இங்குஸ்' என்று ஆக்கிவிட்டார்கள். கோப்பில் பெயர்த் திருத்தம் செய்து பழகிய எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. மாஸ்கோ சுரங்க ரயிலின் 'புரட்சிச் சதுக்கம்' நிலையத்தில் எல்லைக் காவலரும் நாயுமாக வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. நிலையம் திறந்தது 1938இல். போகிற வருகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்காக நாயின் மூக்கைத் தடவித் தடவி, அந்த மூக்கு மட்டும் தங்கம் மாதிரி பளபளக்கிறது.

ஆக, ருஷ்யாவில் ஐம்பது வயது தாண்டியவர் அந்தப் பகுதியைப் பார்த்தால், தான் சிறுவயதில் கேட்ட வீர முழக்கத்தை ஒரு வாண்டு கேரட்டுக்குக் காவல் நிற்பதற்கு இழுத்துவிட்டாள் என்று சிரிப்பார். அது ஒரு வகையில் கேலிதான். ஆனால் எஸ்தோனியாக்காரரோ உக்ரைன்காரரோ பார்த்தால் சிரிப்பு வராது. அந்தத் தொப்பி அவர்கள் வீட்டு வாசலில் நின்ற தொப்பி. 2018 நவம்பரில் லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் இந்தக் கார்ட்டூன் புதின் அரசின் பிரசாரமா என்று ஒரு செய்தி வந்தது. மாஷாவின் முரட்டுத் துணிச்சலில் புதினின் சாயல் இருக்கிறது என்று ஆண்டனி கிளீஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் அதில் சொன்னார். அப்போது பலர் அதைக் கேலி செய்தார்கள். 2022 பிப்ரவரியில் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு கேலி குறைந்துவிட்டது.

கரடியின் கதையும் இப்படி இரண்டு முகம் கொண்டதுதான். ருஷ்யாவைக் கரடியாக வரைந்து பழக்கியவர்கள் மேற்கு ஐரோப்பியக் கேலிச் சித்திரக்காரர்கள். 1878இல் லண்டன் 'பஞ்ச்' இதழில் வந்த படம் ஒன்று பிரசித்தம். நடுவில் ஆப்கன் அமீர் ஷேர் அலி, ஒரு பக்கம் ருஷ்யக் கரடி, மறுபக்கம் ஆங்கிலச் சிங்கம். இரண்டுமே தன் நண்பர்களாம். காப்பாற்றுங்கள் என்று அவர் விழிக்கிறார். பயமுறுத்தும் அந்தக் கரடியைப் பின்னாளில் ருஷ்யர்களே வாங்கிச் சீவி முடித்துக் கொஞ்சும்படி ஆக்கினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னம் 'மிஷா' கரடிக்குட்டி. வரைந்தவர் விக்தர் சிழிக்கோவ் என்ற குழந்தைப் புத்தக ஓவியர். அமெரிக்கா முதலிய நாடுகள் புறக்கணித்த அந்த ஒலிம்பிக்கில்தான் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் வந்தது. நம் தலைமுறைக்கு மிஷாவை மறக்க முடியாது.

மாஷா கதையின் மூலமும் ஒரு நாட்டுப்புறக் கதை. அதில் காட்டில் வழி தவறிய மாஷாவைக் கரடி பிடித்து வைத்துக்கொள்கிறது. சமை, கூட்டு என்று வேலை வாங்குகிறது. அவள் தாத்தா பாட்டிக்குப் பணியாரம் கொண்டுபோய்க் கொடு என்று கரடியிடம் கூடையைத் தந்து, அந்தக் கூடைக்குள் தானே ஒளிந்துகொண்டு தப்பிக்கிறாள். கதையில் சிறுமி கரடியிடம் சிறைப்பட்டிருந்தாள். கார்ட்டூனில் கரடி சிறுமியிடம் சிறைப்பட்டிருக்கிறது. பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் மேல்தான் பெரியவனுக்கு வருத்தம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் பிறந்தது புதுச்சேரி, படித்தது பிரெஞ்சுப் பள்ளியில் என்பது இதை வாசிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். பத்து வயதில் எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம் 'ஜெனரல் துராக்கின்'. எழுதியவர் கோம்தெஸ் தெ செகூர். பெயரைப் பார்த்தால் பிரெஞ்சுச் சீமாட்டி, பிறப்பில் ருஷ்யர். 1799இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த சோஃபி ரஸ்தோப்சின். 1812இல் நெப்போலியன் நுழைந்து மாஸ்கோ எரிந்தபோது அந்த நகரத்தின் கவர்னராக இருந்தவர் இவருடைய தகப்பனார். குடும்பம் பிரான்சுக்கு வந்தது. சோஃபி செகூர் பிரபுவை மணந்தார். ஐம்பது வயதுக்கு மேல் பேரப்பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கினார். பிரெஞ்சு படித்த பிள்ளைகளில் இவரைப் படிக்காதவர் கிடையாது.

'துராக்' என்றால் ருஷ்ய மொழியில் முட்டாள். ஆக ஜெனரல் துராக்கின் என்றால் முட்டாளப்ப ஜெனரல். குண்டு மனிதர், பெருந்தீனிக்காரர், சட்டென்று கோபம், சட்டென்று அழுகை, தங்கமான மனசு. கிரிமியப் போரில் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியானவர், தம் பண்ணைக்குத் திரும்புகிறார். அங்கே அவர் மருமகள் முறைக்காரி பபோஃப்ஸ்கி அம்மாள் பண்ணையடிமைகளைச் சவுக்கால் அடிக்கவைக்கும் கொடுமைக்காரி. கடைசியில் அவளே சவுக்கடி வாங்குவாள். அந்த இடம் வந்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த அப்பா, என்ன சிரிப்பு என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவரும் பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவர், அதிகம் பேசமாட்டார். "அந்தச் சாட்டைக்கு நூத் என்று பெயர். தோலை உரித்துவிடும். மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்ற தேசம் அது. இந்தப் புத்தகம் வருவதற்கு இரண்டே வருடம் முன்னால்தான் அதை நிறுத்தினார்கள்" என்றார். பண்ணையடிமை ஒழிப்பு 1861, புத்தகம் 1863. அதே புத்தகத்தில் சைபீரியாவிலிருந்து தப்பி வந்து, பெயரை மாற்றிக்கொண்டு ஆசிரியராக ஒளிந்திருக்கும் போலந்து இளவரசர் ஒருவர் வருவார். அவர் ஏன் ஒளிந்திருக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. அப்பாதான் போலந்து ருஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த கதையைச் சொன்னார். புத்தகம் வந்த அதே 1863இல்தான் போலந்துக்காரர்கள் எழுந்து நின்று அடக்கப்பட்டார்கள்.

அப்பா புத்தகத்தைப் பிடுங்கவில்லை. சொல்லிவிட்டுத் தம் கோப்புக்குத் திரும்பினார். நான் மேலே வாசித்தேன். அதற்குப் பிறகும் சிரித்தேன். ஆனால் சவுக்கடி வரும் இடத்தில் முன்போலச் சிரிப்பு வரவில்லை.

பிறகு எனக்குப் பிள்ளை பிறந்து அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த 1980களில், நம் ஊர்களுக்கெல்லாம் என்.சி.பி.எச். புத்தக வண்டி வந்ததே, நினைவிருக்கிறதா? மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகத்திலும், பின்னர் ராதுகா பதிப்பகத்திலும் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். வழவழத் தாள், வண்ணப் படம், கெட்டி அட்டை. விலை இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே இருந்து மொழிபெயர்த்தார்கள். குமாஸ்தா சம்பளத்தில் பிள்ளைக்கு அப்படிப் புத்தகம் வேறு எங்கும் வாங்கியிருக்க முடியாது.

பெரியவன் தமிழ் வாசிக்கப் பழகியதே 'அப்பா சிறுவனாக இருந்தபோது' புத்தகத்தில்தான். அலெக்சாந்தர் ரஸ்கின் என்ற நகைச்சுவை எழுத்தாளர், தம் மகள் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, தாம் சின்னப் பையனாக இருந்து செய்த அசட்டுத்தனங்களைச் சொல்லிச் சிரிக்க வைத்த கதைகள். புதுப் பந்து மோட்டார் காருக்கடியில் போய் வெடித்த கதையை இவன் நூறு முறை வாசிக்கச் சொல்லியிருப்பான். மாஷா மாதிரியே, அதிலும் கெட்டவர் யாரும் கிடையாது. அதைப் படித்ததால் அவனோ நானோ கம்யூனிஸ்ட் ஆகவில்லை. ஆனால் ருஷ்யா என்றதும் இன்றைக்கும் எங்கள் இருவர் மனத்திலும் முதலில் வருவது பனியும், சமோவாரும், அந்த அப்பாவும்தான். அதற்காகத்தானே அந்த நாடு செலவு செய்து அத்தனை மலிவாக அனுப்பியது?

அந்த வண்டியில் வராத புத்தகங்களும் உண்டு. 1932, 33இல் உக்ரைனில் பல லட்சம் பேரைக் கொன்ற பஞ்சத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. விளைந்த தானியத்தை அரசாங்கமே அள்ளிக்கொண்டு போனதால் வந்த பஞ்சம். சைபீரிய முகாம்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது, புத்தகமும் நின்றது. மற்றதையெல்லாம் நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

மறுநாள் பெரியவனைக் கூப்பிட்டேன். "நீயும் ருஷ்யக் கதை கேட்டு வளர்ந்தவன்தானேப்பா" என்றேன்.

"அதனாலதான்ப்பா சொல்றேன். எனக்கு அந்தப் பந்துக் கதை இன்னும் மனப்பாடம். ஆனா பஞ்சத்தப் பத்தி நாப்பது வயசுல, ஒரு உக்ரைன்காரர் சொல்லித்தான் தெரியும். நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே."

உண்மை. என் அப்பா எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்யவில்லை. எனக்கும் அப்போது தெரியாது என்பது பாதி சமாதானம்தான். தெரிந்த பிறகும் நான் அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கார்ட்டூனை நிறுத்துவதா வேண்டாமா என்று அப்பனும் மகனும் கொஞ்சம் பேசினோம். நிறுத்த வேண்டாம், ஆனால் தனியாகப் பார்க்கவிட வேண்டாம் என்று முடிவாயிற்று. தொப்பியைப் பற்றிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

ஏழு வயதுக் குழந்தையிடம் ஸ்டாலினைப் பற்றி என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த தொப்பியிலிருந்து ஆரம்பித்தேன். புதுச்சேரிப் போலீஸ்காரர் சிவப்புக் கெப்பித் தொப்பி போடுவாரே, போன வருஷம் கடற்கரையில் பார்த்தாயே, அது பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன தொப்பி என்றேன். 1954 நவம்பருக்கு முன்னால் புதுச்சேரி தனி நாடு மாதிரி. பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் நடுவில் எல்லை, சுங்கச் சாவடி. என் ஆயா விழுப்புரத்தில் இருந்த மகளுக்கு ஒரு டப்பா பிரெஞ்சு பிஸ்கோத்தை முந்தானையில் மறைத்து எடுத்துப் போவாளாம். தொப்பிக்காரரைக் கண்டால் அவளுக்குக் கை நடுங்குமாம். ஒரு தடவை பிடித்து, பிரித்து, எண்ணிப் பார்த்து, "போங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்களாம். வீட்டில் இதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார்கள். ஆயா மட்டும் சிரிக்கமாட்டாள்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "எங்க ஊரும் தனி ராஜ்யம்தான், எங்க அப்பா அம்மன் காசு செலவு பண்ணினவரு" என்று குரல் கொடுத்தாள். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில்தானே இந்தியாவோடு சேர்ந்தது. பேத்திக்கு ஒரே ஆச்சரியம், அப்பத்தாவும் தாத்தாவும் வேறு வேறு நாடா என்று.

பிறகு சொன்னேன். "மாஷா போட்டிருக்கிறதும் எல்லைக்காரங்க தொப்பிதான் பாப்பா. முயலுக்கு அது விளையாட்டு. உன் சிநேகிதி வீட்டுல நிஜமாவே தொப்பி போட்டவங்க எல்லையைத் தாண்டி உள்ள வந்துட்டாங்க. அதான் அவ அழுதா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆயா மாதிரி கை நடுங்குச்சா அவளுக்கு?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

அன்று மாலை மறுபடி மாஷாவைத்தான் பார்த்தாள். கஞ்சி பொங்கும் பகுதி. வழக்கம்போலச் சிரித்தாள், நானும் சிரித்தேன். குடையை எடுக்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது வார்சாவுக்குத் திரும்பிவிட்டார்கள். திண்ணை வெறிச்சென்று கிடக்கிறது. நிம்மதியாக இருக்கிறது. கரடிக்கும் மாஷா இல்லாத நாள் இப்படித்தான் இருக்குமோ என்னவோ, அந்த நிம்மதி அவ்வளவாக ருசிக்கவில்லை.

உங்களில் பலர் வீட்டுப் பெட்டியில் அந்த மாஸ்கோப் புத்தகங்கள் இன்னும் இருக்கும். பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அவ்வளவு நல்ல கதைகள் அவை. ஆனால் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அதில் எழுதாமல் விட்டதையும் கொஞ்சம் சொல்லுங்கள். நமக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறதே.